இரண்டு வீட்டு மனோரஞ்சிதம்

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. கொப்பரையில் பட்டு நூலை முக்கிச் சாயம் போடுகிறவர்கள் வேறு, நான் நிறம் பார்க்கிறவள். நெசவாளி ஒருவர் பழைய புடவையிலிருந்து விரலளவு துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, "இதே கலர் வேணும்மா" என்பார். கொப்பரையிலிருந்து எடுத்த நூலைப் பிழிந்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அந்தத் துண்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இன்னும் ஒரு முக்கு" என்றோ "போதும், எடுத்துடுங்க" என்றோ நான் சொல்ல வேண்டும். ஈரத்தில் தெரிகிற நிறம் காய்ந்தால் மாறிவிடும். காய்ந்தபின் எப்படி இருக்கும் என்பதை ஈரத்திலேயே பார்த்துச் சொல்வதற்கு ஒரு கண் வேண்டும். அந்தக் கண் எனக்கு இருக்கிறது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் சரி என்று சொல்லி அனுப்பிய நூல் திரும்பி வந்தது இத்தனை வருடத்தில் மூன்று முறைதான்.

கொரோனா வந்த இரண்டாவது வருடம் எனக்கும் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாளில் எழுந்துவிட்டேன். ஆனால் மூக்கு போய்விட்டது. காபி, மிளகாய் வறுக்கிற நெடி, மழை பெய்த மண், எதுவும் இல்லை. மற்றவர்களுக்கு இரண்டு மாதம், மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. எனக்கு ஒரு வருடம் ஆகியும் வரவில்லை. பட்டறையில் அமில வாடை தெரியாமல் கொப்பரைக்கு மேலே குனிந்து நின்று, கண் எரிந்த பிறகுதான் விலகுவேன். முதலாளி ஒரு நாள், "உன் மூக்கு போனா போவட்டும், கண்ணையும் கொண்டுபோய் கெடுத்துக்காத" என்று என்னைக் கொப்பரைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாசலில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். நூல் என்னிடம் வரும்.

பெருமாள் கோயில் சன்னதித் தெருவில் பூ விற்கும் அக்காவிடம் வெள்ளிக்கிழமைதோறும் பூ வாங்குவேன். மல்லிகையை வாங்கித் தலையில் வைத்துக்கொள்வேனே தவிர, அது இருப்பதே எனக்குத் தெரியாது. அது அந்த அக்காவுக்கும் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை, ஈரத்துணிக்கு அடியிலிருந்து ஒரே ஒரு பூவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"மனோரஞ்சிதம். ஓரிக்கையிலருந்து வந்துது. இத மோந்து பாரு. இதுக்கும் வரலன்னா உன் மூக்குக்கு நான் ஒன்னும் சொல்றதுக்கில்ல."

முகர்ந்தேன். ஒன்றும் வரவில்லை. அக்காவின் முகம் வாடிவிட்டது. ஆனால் எனக்கு அப்போது வாசனை நினைப்பே இல்லை. கையில் இருந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடித்த இதழ்கள் ஆறு, தோல் போல. எலுமிச்சை மஞ்சள் இல்லை, மாம்பழ மஞ்சள் இல்லை, எங்கள் பட்டறையில் சந்தன மஞ்சள் என்று ஒன்று போடுவோம், அதுவும் இல்லை. இதழின் அடியில் பச்சை இன்னும் முழுதாகப் போகாமல் நின்றது.

"இன்னாக்கா இது, இப்படி ஒரு மஞ்சளு?"

"முந்தாநேத்து பச்சையாதான் இருந்திருக்கும். எலை கலர்லயே இருக்கும், பூன்னே தெரியாது. பச்சையா இருக்கும்போது யாருக்குமே வாசன வராது. மஞ்சளா பழுத்தாதான் வரும்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று. யாருக்குமே வாசனை தெரியாத நாட்கள் சில அந்தப் பூவுக்கு இருக்கின்றன. அந்த நாட்களில் அதைக் கண்டுபிடிக்கக் கண் ஒன்றுதான் வழி. செடி எங்கே இருக்கிறது என்று விலாசம் கேட்டேன்.

ஓரிக்கையில் பாலாற்றுப் பக்கம் ஒரு விவசாயி வீட்டுத் தோட்டம். நெல்லும் கரும்பும் வைத்திருந்தவர், இப்போது கட்சி வேலையிலும் இருக்கிறார். வாசலில் எப்போதும் மனு கொடுக்க நாலு பேர் நிற்பார்கள். நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். என் முறை வந்ததும், "உங்க மனோரஞ்சிதத்துல ஒரு செடி வேணுங்க" என்றேன். மனு வாங்கக் கையை நீட்டியவர், சிரித்துவிட்டார்.

கிணற்றடியில் இருந்தது அந்தக் கொடி. கொடி என்று சொல்லிவிட்டேன், அடித்தண்டு என் முழங்கை கனம். பக்கத்திலிருந்த வேப்பமரத்தில் ஏறி, மரத்தையே பாதி மூடியிருந்தது. இலைகள் நீளமாக, எண்ணெய் தடவியது போல் பளபளத்தன. சித்திரை வெயிலில் சுற்றிலும் எல்லாம் காய்ந்து நிற்க, அது மட்டும் ஒரு இலை உதிராமல் நின்றது. பூக்காம்பைப் பார்த்தேன். கொக்கி போல வளைந்து மரமாகியிருந்தது. பூ உதிர்ந்த பிறகும் கொக்கி அங்கேயே இருந்து கிளையைப் பிடித்துக்கொள்ளும். அவரை, பாகல் மாதிரி சுருள் கம்பி இதற்குக் கிடையாது. பூத்த காம்பைக் கொண்டே மேலே ஏறுகிற செடி.

"விதை வேணா எடுத்துக்க. பதியன்லாம் பிடிக்காதும்மா. நானே ரெண்டு வாட்டி போட்டுப் பாத்துட்டேன்" என்றார் அவர்.

கொத்துக் கொத்தாகத் தொங்கிய காய்களில் பழுத்ததாகப் பார்த்து ஒரு கை எடுத்து வந்தேன். பதினெட்டு விதை. பையில் மண்ணும் மணலும் கலந்து போட்டு மூன்று மாதம் தண்ணீர் ஊற்றினேன். பதினெட்டில் ஒன்றுகூட முளைக்கவில்லை. பையைக் கொட்டிப் பார்த்தால், விதைகள் போட்டபடியே கல் மாதிரி இருந்தன. இன்னும் பொறுத்திருந்தால் முளைத்திருக்குமோ என்னவோ. எனக்குப் பொறுமை போய்விட்டது.

மறுபடி ஓரிக்கைக்குப் போனேன். "பதியன் நானே போட்டுக்கறேன், எடம் மட்டும் குடுங்க" என்றேன். "உன் இஷ்டம்" என்றார்.

அவர் எப்படிப் போட்டார் என்று மட்டும் கேட்டேன். முற்றிய கிளையை வளைத்து மண்ணில் புதைத்திருக்கிறார், வெயிலில், ஆனி மாதம். நான் முற்றாத, பழுப்பு ஏறத் தொடங்கிய கிளையாகத் தேர்ந்தெடுத்தேன். பச்சையிலிருந்து பழுப்புக்குத் தண்டு மாறுகிற இடம் என் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் அடிப்பட்டையை விரல்நுனி நீளத்துக்குச் சீவி, ஆற்று மணலும் மட்கிய சாணமும் கலந்த தொட்டிக்குள் படுக்கவைத்து, மேலே செங்கல் வைத்தேன். மழைக்காலத் தொடக்கம் அது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிளில் போய் ஈரம் பார்த்துவிட்டு வருவேன். மனு கொடுக்க வருகிறவர்கள் என்னை அந்த வீட்டு வேலைக்காரி என்றே நினைத்திருந்தார்கள்.

தை மாதம் செங்கல்லை எடுத்து, கிளையை லேசாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை, பிடித்துக்கொண்டது. தாய்க் கிளையிலிருந்து வெட்டி, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோதுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். கிழக்கு வெயில் மதியம் வரை விழும், அப்புறம் நிழல். செடிக்கு அதுதான் வேண்டும் என்று அங்கே இரண்டடிக் குழி எடுத்தேன். குழியில் செடியை இறக்கும்போது மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு அண்ணன். கிரில் கேட் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பத்து வருடப் பழக்கம். என் பெண் சைக்கிளில் விழுந்து கை முறிந்தபோது, என் கணவர் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் வேலையாக இருக்க, தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான்.

"இன்னா செடிம்மா அது?"

"மனோரஞ்சிதம்ணா."

அவர் முகம் மாறியது. "வாணாம்மா. பாம்பு வரும் அதுக்கு."

"அதெல்லாம் சும்மா சொல்றதுண்ணா. வாசனைக்கு எங்கியாவது பாம்பு வருமா?"

"வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. என் தம்பி பாம்பு கடிச்சித்தான் செத்தான். இருவது வயசு. வண்டி கெடைக்கல, என் தோள்லயே போச்சு உயிரு. எனக்கு அந்த பேரு கேட்டாலே ஒடம்பு ஆடுது. வாணாம்மா, சொன்னா கேளு."

அந்தத் தம்பியைப் பற்றி அதுவரை எனக்குத் தெரியாது. கையில் மண்ணோடு அப்படியே நின்றேன். செடியைத் திரும்பத் தொட்டியிலேயே வைத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் ஏழு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளை விட்டு வளர்த்தது.

"அண்ணா, ஒரே ஒரு பாம்பு, ஒன்னே ஒன்னு இதுல வந்தாக்கூட, நானே என் கையால வெட்டிடறேன். நீங்க ஒரு வார்த்த சொல்ல வேணாம்" என்றேன்.

அவர் குழியையும் செடியையும் பார்த்தார். "உன் வார்த்தைய நம்புறேன்" என்று சொல்லி, தலையை இறக்கிக்கொண்டார்.

முதல் வருடம் செடி என்னைச் சோதித்தது. அரை அடிகூட உயரவில்லை. வேரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. இரண்டாம் வருடம் ஆடி மாதத்தில் கிளம்பியது பாருங்கள், வாரத்துக்கு ஒரு முழம். இளம் தண்டில் முள் இருந்தது. கட்டப்போன கையெல்லாம் கீறல். மதிலில் ஆணி அடித்து, பட்டறையில் கழித்த முறுக்குப் பட்டு நூலால் தளர்வாகக் கட்டினேன். மெல்லிய நூல்தான், ஆனால் புயல் மழையிலும் அறுந்ததில்லை. வாரம் ஒரு முறை வேரடியைக் கூட்டிச் சுத்தம் செய்வேன். இலைக் குப்பை சேரவிடமாட்டேன். அண்ணனுக்கு வார்த்தை கொடுத்திருக்கிறேனே.

மூன்றாம் வருடம் பங்குனியில் முதல் மொட்டு வந்தது. இலைக்கு எதிரே, ஒரு வளைந்த காம்பில், மிளகு அளவு. வீட்டில் யாரும் பார்க்கவில்லை. பெரிதாகி ஆறு இதழ் விரித்துத் தொங்கியபோதும் யாருக்கும் தெரியவில்லை. இலைப்பச்சையில் பூப்பச்சை. எனக்கு மட்டும் தெரிந்தது. இலையின் பச்சையில் கொஞ்சம் நீலம் ஓடுகிறது, பூவின் பச்சையில் ஓடவில்லை. ஏழு பூ எண்ணினேன். என் கணவரைக் கூப்பிட்டு, "எத்தினி பூ இருக்குது, சொல்லுங்க பாப்போம்" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடித் தேடி இரண்டைக் கண்டுபிடித்தார்.

பச்சை முதலில் ஓரத்தில் வெளிறும். பிறகு நடுவில். அடிப்பகுதி கடைசி. ஓரம் வெளிறிய மறுநாள் காலையில் பறித்தால் சாயங்காலத்துக்குள் வாசனை முழுதாக வரும் என்று பூக்கார அக்கா சொன்னாள். மற்றவர்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு கொடியைச் சுற்றி வரும்போது, நான் நேராகப் போய்ப் பூவில் கை வைப்பேன். பட்டறைக்கு நாலு எடுத்துப்போய் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். மதியத்துக்குள் சாயவாடை இருந்த கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். "பலாப்பழம்மா" என்றார் ஒருவர். "போயா, கொய்யா" என்றார் இன்னொருவர். முதலாளி, "வாழப்பழம், அதுவும் ஏலக்கி" என்று அடித்துச் சொன்னார். சண்டையே வந்துவிட்டது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது மிளகாய் நெடி, பெட்ரோல், கற்பூரம் என்று சில திரும்பியிருந்தன. மனோரஞ்சிதம் திரும்பவில்லை. இன்றுவரை இல்லை. அது வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அதற்காக நான் அழுத நாட்கள் உண்டு, ஆனால் அன்றைக்கு அழவில்லை. பத்து பேர் என் பூவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா, அதாவது வெல்டிங் அண்ணனின் மனைவி, காலையில் மதிலோரம் வந்து கை நீட்டுவார். அண்ணன் பட்டறைக்குக் கிளம்பிய பிறகுதான் வருவார். இரண்டு பூ கொடுப்பேன். பீரோவில் புடவைக்கு நடுவில் வைத்துக்கொள்வாராம். அண்ணன் ஒரு வாரம் பார்த்துவிட்டு, "வீடு ஃபுல்லா பழ வாசன வருது, யார் வாங்கியாந்தது?" என்று கேட்டாராம். அக்கா சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்.

அடுத்த வருடம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணி இருக்கும். கொடி மதிலை முழுதாக மூடி, ஜன்னல் கிரில்லையும் பிடித்திருந்தது. முப்பதுக்கு மேல் பூ, பாதி பச்சையில். எவையெல்லாம் நாளைக்கு ஆகும் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் கண் நின்றது. அங்கே ஒரு பச்சை சரியில்லை.

இலைப்பச்சை இல்லை, பூப்பச்சை இல்லை. புதுத்துளிரின் பச்சையும் இல்லை. கிளிப்பச்சை. எங்கள் பட்டறையில் கல்யாணப் புடவைக்குப் போடுவோமே, அது. கையளவு நீளம் கிளை போல நின்று, காற்றுக்கு ஆடுவது போல ஆடியது. காற்று இல்லை. பிறகு அதன் ஓரத்தில் ஓடிய மெல்லிய மஞ்சள் கோட்டைப் பார்த்தேன். கூர்மையான மூக்கைப் பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன்.

பச்சைப் பாம்பு.

கத்தவில்லை. ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்தேன். என் கணவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காட்டினேன். அவருக்கு முதலில் தெரியவில்லை. நான் விரலால் கோடு போட்டுக் காட்டிய பிறகு தெரிந்தது.

"யாரும் பாக்கல இல்ல? ஒரு குச்சியால தட்டினா போயிடும். விடு" என்றார் மெதுவாக.

"அண்ணன்கிட்ட சொல்லணுங்க."

"சொன்னா வெட்டணும். பைத்தியமா உனக்கு? நாலு வருஷம்."

"வெட்டறேன்னுதான் வார்த்த குடுத்திருக்கேன்."

"அவருக்கெங்க தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமில்ல."

பக்கத்து வீட்டுக் கேட்டைத் தட்டினேன். அண்ணன் பனியனோடு வந்தார். "அண்ணா, கொடியில ஒன்னு இருக்குது. பச்சப் பாம்பு" என்றேன். அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போய் ஃபோன் செய்தது அக்காதான். தீயணைப்பு நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் நான்தான் இடம் காட்ட வேண்டியிருந்தது. ஒருவர் நீண்ட கவ்வுகோலால் அதை எடுத்துப் பைக்குள் விட்டார்.

"இது ஆளக் கொல்ற பாம்பு இல்ல சார். பல்லி, ஓணான் தின்ன வந்திருக்கும். எந்தக் கொடில வேணா வரும்" என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். அந்தப் பையைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டு என்று என்னிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்று மதியமே அரிவாளை எடுத்தேன். அடித்தண்டில் முழங்கால் உயரத்தில் நாலு வெட்டு. தண்டு துண்டாகிவிட்டது, கொடி விழவில்லை. நூலை அறுத்தும் வரவில்லை. ஒவ்வொரு பூத்த காம்பும் கொக்கி போட்டு ஜன்னலையும், மதில் ஆணியையும், தன் கிளைகளையும்கூடப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினேன். இரண்டு நாள் ஆயிற்று. பச்சைப் பூக்கள் பச்சையாகவே வாடின. பக்கத்து வீட்டு அக்கா மதிலோரம் நின்று அழுதார். நான் அழவில்லை என்று சொல்ல ஆசைதான்.

வேரையும் தோண்டியெடுக்க வேண்டும் என்று இருந்தேன். கடப்பாறை கேட்டு வாங்கி வைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. மழை விட்ட ஒரு காலையில் கடப்பாறையோடு போனால், வெட்டிய கட்டையின் பட்டைக்கு அடியில் ஐந்தாறு இடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. பழுப்பில் பச்சை. யாராக இருந்தாலும் பாசி என்று நினைத்திருப்பார்கள். துளிர் என்று எனக்குத் தெரிந்தது.

கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

"அண்ணா, வெட்டினது துளிர்க்குது. வெட்டறேன்னு சொன்னேன், வெட்டிட்டேன். வேரையும் எடுக்கணுமான்னு நீங்கதான் சொல்லணும். நீங்க எடுன்னா இப்பவே எடுத்துடறேன்."

அவர் என் பின்னால் வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவருக்குத் துளிர் தெரியவில்லை, காட்டினேன். கட்டையை விரலால் தொட்டார்.

"அன்னிக்கு நீ வெட்டும்போது நிறுத்துன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. என் தம்பி ஞாபகம் வந்துது, சொல்ல முடியல. நீ சொல்லாம வுட்டிருந்தா எனக்கு அந்த பாம்பு விஷயம் தெரிஞ்சே இருக்காது. நீ வந்து சொன்ன. அத நெனச்சிக்கினே இருக்கேன்" என்றார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். எடு என்றாரா வேண்டாம் என்றாரா என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் அளவு டேப்போடு வந்தார். மதிலின் உயரம், நீளம் எல்லாம் எடுத்தார். நான் கேட்டதற்கு, "இரு, இரு" என்றார். பத்து நாள் கழித்து அவர் பட்டறை ஆட்கள் டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார்கள். இரும்புக் குழாயில் செய்த பந்தல். நாலு கால், இரண்டு எங்கள் பக்கம், இரண்டு அவர் பக்கம். மேலே மதிலைத் தாண்டி வளைவாகக் கம்பிச் சட்டம். துருப்பிடிக்காமல் பூச்சு அடித்து, என்னைக் கேட்காமலே அதற்குப் பச்சை பெயிண்ட் பூசியிருந்தார். இலைப்பச்சை என்று நினைத்துப் பூசியிருக்கிறார். கிட்டத்தட்ட அதுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"செடி செவுத்துல படக்கூடாது, கம்பிலதான் ஏறணும். கீழ நாலு அடிக்கு ஒரு எலை இருக்கக்கூடாது, அடித்தண்டு பளிச்சுன்னு தெரியணும். அது உன் பொறுப்பு. ஜன்னல் பக்கம் வந்தா நறுக்கிடணும்."

"சரிண்ணா."

"மேல இன்னா வேணா பூத்துக்கட்டும்."

துளிர்களில் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளினேன். வேர் பழையது, பலம் இருந்தது. ஒரே வருடத்தில் பந்தலைத் தொட்டுவிட்டது. இந்தச் செடி புதுக்கிளையில்தான் நன்றாகப் பூக்கும். நான் துக்கத்தோடு வெட்டிய வெட்டு அதற்கு நல்லதாகவே முடிந்தது. முன்பு முப்பது பூத்த கொடியில் இந்தச் சித்திரையில் ஒரு காலையில் எழுபது எண்ணினேன். இப்போது ஒவ்வொரு தை மாதமும் நானே கத்தரிக்கிறேன். கீழே நாலடிக்கு ஒரு இலை கிடையாது. அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் போவார்.

பதியனும் போட்டேன். பழுப்பு ஏறுகிற இடம் பார்த்து, மழைக்காலத்தில், அதே முறையில். ஐந்து போட்டதில் நாலு பிடித்தன. ஒன்று பூக்கார அக்காவுக்கு. ஒன்று முதலாளி பட்டறை வாசலில் வைத்திருக்கிறார், நான் ஸ்டூலில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில். ஒன்றை எங்கள் தெருக்கோடியில் அத்தர் கடை வைத்திருக்கும் பாய் கேட்டு வாங்கிப்போனார். "நம்ம கடையில இல்லாத வாசனைம்மா இது, பாட்டில்ல அடைக்க வரமாட்டேங்குது" என்றார். நாலாவது, ஓரிக்கைக்காரருக்கு. அவருடைய பழைய கொடி வேப்பமரத்தோடு சாய்ந்துவிட்டதாம். காரில் வந்து இறங்கினார், கூட இரண்டு கட்சிக்காரர்கள். தொட்டியை வாங்கி வேரைப் பார்த்தார்.

"எப்படிம்மா புடிக்க வெச்ச? எனக்கு ரெண்டு வாட்டியும் வரலியே."

"நீங்க முத்தின கெளையில போட்டீங்க" என்றேன். மரியாதைக்காகக் குரலை இறக்கிக்கொண்டேன். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

போன மாதம் பெருமாள் கோயில் உற்சவத்துக்கு வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று எங்கள் தெரு வழியாக நடந்து போனது. அந்த அம்மாள் சட்டென்று நின்று மூக்கைத் தூக்கினாள். "எங்கியோ மனோரஞ்சிதம் பூத்திருக்கு" என்று சுற்றிலும் தேடினாள். நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் அவர் வீட்டு வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு வீட்டு கொடிங்க இது?" என்று அவள் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "எங்களுதும்மா" என்றார். பந்தலைத் தட்டிக் காட்டினார். கீழே நாலடி சுத்தமாக இருப்பதைக் காட்டினார். ஐந்து வருடத்துக் கதையை ஆரம்பித்துவிட்டார், பாம்பு உட்பட. "பச்சயில பச்சய கண்டுபுடிச்சிது பாருங்க எங்க தங்கச்சி, தீயணைப்புக்காரனுக்கே தெரியல" என்று அவர் சொல்ல, அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கொடியிடம் போய், ஓரம் வெளிறிய பூவாக ஒன்று பறித்து அவளிடம் கொடுத்தேன்.

"சாயங்காலம் மோந்து பாருங்க" என்றேன்.